பெஞ்ச்ல ஆள் இருந்தா போதுமா? பேக்கப் பிளேயர ரெடி பண்றது பத்தி ஒரு விவாதம்

பாம்பன்_ஸ்டாப்பர்
நேத்து வாட்ஸ்அப் குரூப்ல விடிய விடிய அடிச்சுக்கிட்டும் ஒரு முடிவு வரல, அங்க எல்லாம் வாய்ஸ் நோட்டா போட்டுக் கொல்றாய்ங்க, அதனால இங்க எழுதுறேன். கேள்வி இதுதான். முக்கியமான பிளேயர் அடிபட்டு வெளிய போனா ஒரு டீம் ஏன் சரிஞ்சு போகுது, இன்னொரு டீம் ஏன் அசராம நிக்குது? மண்டபம் மாப்ள "காசு இருக்கவன் நிப்பான், இதுல பேச என்ன இருக்கு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாப்ல. நான் ஒத்துக்க மாட்டேன்.

லிவர்பூல் 2020-21 எடுத்துக்கங்க. அதுக்கு முந்துன சீசன் 99 பாயிண்ட் எடுத்த சாம்பியன். அக்டோபர் 17ல எவர்ட்டன் மேட்ச்ல வான் டைக்குக்கு முட்டி போச்சு, நவம்பர்ல இங்கிலாந்து கேம்ப்ல ஜோ கோமஸ் போனாரு, ஜனவரி கடைசில மாட்டிப்பும் அவுட்டு. மூணு ஸ்டாப்பரும், அதாவது கோல் வாசலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்குற ஆளுங்க, காலி. உடனே என்ன பண்ணாங்க, ஃபபின்யோவ பின்னால இழுத்தாங்க, பத்தலன்னு ஹெண்டர்சனையும் இழுத்தாங்க. ரெண்டு பேரும் நடுவுல நின்னு பந்தப் புடுங்கி முன்னால குடுக்குற ஆளுங்க, அவங்க ரெண்டு பேரும் கோல் வாசல்ல போய் நின்னா நடுவுல யாரு? பின்னால ஒரு ஓட்டைய அடைக்கப் போய் நடுவுல ரெண்டு ஓட்டை, நடுவு போனதும் முன்னால சாலாவுக்கும் மானேவுக்கும் பந்தே சரியா வரல. ஆன்ஃபீல்டுல 68 லீக் மேட்ச் தோக்காம இருந்த டீம் ஜனவரில பர்ன்லிகிட்ட ஆரம்பிச்சு வரிசையா ஆறு ஹோம் மேட்ச் தோத்துச்சு.

அப்புறம் மார்ச்ல தான் மனசு வந்து ஃபபின்யோவ மறுபடி நடுவுக்கு விட்டுட்டு, நாட் பிலிப்ஸ், ஷால்கேல இருந்து லோன்ல வந்த கபாக், அப்புறம் ரீஸ் வில்லியம்ஸ்னு அவங்கள ஸ்டாப்பரா போட்டாங்க. வான் டைக் கால் தூசிக்கு வருவாய்ங்களா? வர மாட்டாய்ங்க. ஆனா கடைசி 10 லீக் மேட்ச்ல 8 ஜெயம் 2 டிரா, தோல்வியே இல்ல, மூணாவதா வந்து சாம்பியன்ஸ் லீக் எடத்தையும் புடிச்சுட்டாங்க. அதுல பிலிப்ஸும் வில்லியம்ஸும் நவம்பர் டிசம்பர்லயும் அங்கனயே தானே இருந்தாய்ங்க?

மண்டபம்_மாப்ள
யோவ் 69 பாயிண்டுல மூணாவதா வந்ததெல்லாம் ஒரு பெருமையா. ரியல் மாட்ரிட் 2023-24ல கோர்ட்வா, மிலிட்டாவ், அலாபா மூணு பேருக்கும் முட்டில இருக்குற ஏசிஎல் தசைநார் கிழிஞ்சும் லா லீகாவும் அடிச்சாய்ங்க சாம்பியன்ஸ் லீகும் அடிச்சாய்ங்க. அது ரியல் மாட்ரிட். காசு காசு காசு.

பாம்பன்_ஸ்டாப்பர்
அதையே தான் மாப்ள நானும் சொல்ல வந்தேன், நீயே எடுத்துக் குடுத்துட்ட. அந்த மூணு எடத்துக்கும் காசு குடுத்தா ஆள் எடுத்தாய்ங்க? கோலி கோர்ட்வா எடத்துக்கு கெப்பாவ செல்சீல இருந்து லோன்ல கூட்டிட்டு வந்தாய்ங்க, அவரையும் தாண்டி ஏற்கனவே பெஞ்ச்ல வருசக்கணக்கா ஒக்காந்திருந்த லுனின் தான் எடத்தப் புடிச்சாரு. ஸ்டாப்பர் எடத்துல நாச்சோ, சின்னப் புள்ளைல இருந்து அந்த கிளப்லயே வளந்த ஆளு. செமி ஃபைனல்ல பயர்னுக்கு எதிரா 88வது நிமிசமும் அதத் தொட்டு ஸ்டாப்பேஜ் டைம்லயும் ரெண்டு கோல் போட்ட ஹொசேலு யாரு? ரெலிகேட் ஆகி கீழ் டிவிஷனுக்கு எறங்குன எஸ்பான்யோல்ல இருந்து லோன்ல வந்தவரு. இதுல எங்க காச கொட்டுனாய்ங்க சொல்லு.

நாட்டுப்படகு_9
அண்ணே நான் ஸ்குவாடு பெருசா இருக்கணும்ங்கறதையே நம்ப மாட்டேன். 2015-16 லெஸ்டர். வாரா வாரம் அதே 11 பேர், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரசிகன் சொல்லுவான். ஷ்மைக்கேல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், ஃபுக்ஸ், மாரெஸ், கான்ட்டே, டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன், ஒகசாகி, வார்டி. 81 பாயிண்ட், கப்பு. ஒருத்தனுக்கொருத்தன் மூச்சு எங்க விடுறான்னு தெரியுற அளவுக்கு ஒண்ணா ஆடுனா போதும்.

கன்னர்_ராம்நாடு
லெஸ்டர் கதைய எல்லாரும் பாதி தான் சொல்லுவீக தம்பி. அந்த சீசன் அவங்களுக்கு ஐரோப்பாவுல மேட்சே கெடையாது, லீக் கப்புல ஹல்கிட்ட பெனால்டில வெளிய, எஃப்ஏ கப்புல முதல் மேட்ச்லயே ஸ்பர்ஸ்கிட்ட ரீப்ளேல வெளிய. வாரத்துக்கு ஒரு மேட்ச், மீதி நாள் ரெஸ்ட்டு. அடுத்த வருசம் என்னாச்சு? கான்ட்டே செல்சீக்குப் போனாரு, கூடவே சாம்பியன்ஸ் லீக் மேட்சும் சேந்துச்சு, 12வது எடம், பிப்ரவரில கோச் ரனியேரியையே தூக்கிட்டாங்க. அந்த 11 பேர்ல 10 பேர் அங்கயே தான் இருந்தாங்கங்கறத கவனிங்க. ஒரே ஒரு ஆளு போனது.

எங்க ஆர்சனல் வயித்தெரிச்சலயும் கேளுங்க. 2022-23, மார்ச் 16, ஸ்போர்ட்டிங் மேட்ச். ஒரே மேட்ச்ல சலிபாவும் போனாரு தொமியாசுவும் போனாரு. அதுவரைக்கும் லீக்ல நாங்க தான் முதல். ராப் ஹோல்டிங் உள்ள வந்தாரு. எல்லாரும் ஹோல்டிங்க திட்டுவாங்க, நான் திட்ட மாட்டேன். சலிபா பின்னால தொரத்திப் புடிக்கிற வேகம் இருக்குற ஆளு, அவர நம்பித்தான் மொத்த டீமும் மேல ஏறி நின்னு நெருக்குச்சு. ஹோல்டிங்குக்கு அந்த வேகம் இல்ல, அதனால தடுக்குற லைன் கொஞ்சம் கீழ எறங்குது, லைன் எறங்குனா நடுவுல எடம் தொறக்குது, பார்ட்டேக்கு ஓடுற தூரம் கூடுது. ஆன்ஃபீல்டுல 2-0 லீடு, 2-2. வெஸ்ட் ஹாம்ல 2-0 லீடு, 2-2. கடைசில இருந்த சவுத்தாம்ப்டன் கூட சொந்த கிரவுண்டுல 3-3. மான்செஸ்டர் சிட்டி வந்து கப்ப எடுத்துட்டுப் போயிட்டான். அதுவரைக்கும் லீக்ல ஹோல்டிங்குக்கு சப்பா சில நிமிசம் தவிர எதுவும் குடுக்கல, கடைசி நேரத்துல தூக்கி நெருப்புல போட்டா வேகாம என்ன செய்வாரு.

ஏர்வாடி_எட்டாம்நம்பர்
ஆர்சனல் காரங்க எந்த டாபிக் போட்டாலும் ஒப்பாரி வச்சுருவாங்க 😂

கன்னர்_ராம்நாடு
நீ சும்மா இரு, உங்க யுனைட்டட பத்தி ஆரம்பிச்சா இந்த இழை பத்தாது

மண்டபம்_மாப்ள
சரி காச விடு. அப்ப ஆள் எண்ணிக்கைய கூட்டுனா?

பாம்பன்_ஸ்டாப்பர்
கூட்டுனா செல்சீ 2022-23. சம்மர்லயும் வாங்கி, ஜனவரில முத்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ்னு இன்னும் வாங்கிக் குவிச்சு கடைசில 12வது. எந்த எடத்துக்கு யாரு ரெண்டாவது ஆளுன்னு அவங்களுக்கே தெரியல. பிரீமியர் லீக்ல 21 வயசுக்கு மேல 25 பேரத் தான் பதிவு பண்ண முடியும், அதுலயும் அந்நாட்டுல வளராத ஆளு 17 பேருக்கு மேல கூடாது. அப்ப ஒவ்வொரு சீட்டும் யாருக்குப் பதிலா யாருன்னு யோசிச்சு குடுக்கணுமா இல்லையா.

பெரியபட்டணம்_கோச்
தம்பிகளா, நீங்க டிவில பாக்குறத வச்சுப் பேசுறீக, நல்லாத்தான் பேசுறீக. நம்ம பக்கத்து நெலமையையும் சேத்துப் பாத்தா விசயம் இன்னும் வெளங்கும். நம்ம கடக்கரைல டீம் நடத்துறவனுக்கு காயம் ரெண்டாவது பிரச்சினை தான். மொதப் பிரச்சினை விசா. பாஸ்போர்ட் எடுத்துட்டான்னு கேள்விப்பட்ட அன்னைக்கே அந்த எடத்துக்கு ஆள் பாக்கணும். இன்னொரு பக்கம் தொழிலுக்குப் போற பசங்க. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்க, புதன், சனி போகும், சனிக்கிழமை ஏறுனவன் ஞாயித்துக்கெழம விடிஞ்சு தான் கரைக்கு வருவான், தூங்காம சாயந்தரம் வந்து ஆடுவான், 50 நிமிசத்துல கால் நிக்காது. அவனக் கொற சொல்ல முடியுமா, அது சோறு.

நம்ம பக்கம் எந்த டீம் பிராக்டிஸ எட்டிப் பாத்தாலும் ஒரே மாதிரி தான் இருக்கும். நல்லா ஆடுற 11 பேரு ஒரு பக்கம் பனியன் போட்டு நிப்பாய்ங்க, மிச்சம் இருக்கவய்ங்க எதிர்ல. "அடுத்த வாரம் அவய்ங்க நீளமா தூக்கித் தூக்கி அடிப்பாய்ங்க, நீங்களும் அதே மாதிரி அடிங்கடா"ன்னு மிச்ச டீமுக்கு சொல்லுவாங்க. அதாவது பெஞ்ச்ல இருக்குற பய சீசன் பூரா எதிராளி ஆட்டத்தத் தான் ஆடிப் பழகுறான். சொந்த டீம் ஆட்டத்த வெளிய நின்னு பாக்குறான், அம்புட்டுத்தான்.

ஒரு லெஃப்ட் பேக் கத்தாருக்குப் போனான். அவன் எடத்துக்கு வந்த பய அவன விட வேகம், இடது கால் அவன விட சுத்தம். மேட்ச்ல என்ன நடந்துச்சுன்னா, நம்ம லெஃப்ட் விங்கு பந்த வாங்குனதும் உள்ள திரும்புவான், திரும்புனா பேக் வெளிப்பக்கமா ஏறணும், விங்கு திரும்பிப் பாக்காம பின்னங்காலால தட்டி விடுவான், பழைய பய அங்க இருப்பான். புதுப்பயலுக்கு இது தெரியாது, பின்னால நின்னு காவல் காக்குறான். தட்டி விட்ட பந்து கோட்டத் தாண்டிப் போகுது. ரெண்டாவது தடவையும் போகுது. விங்கு கையத் தூக்கி வையுறான், கரைல நிக்கிற ஜனம் புதுப்பயல வையுது. பய அதுக்கப்புறம் பந்தே கேக்கல, ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடுறான். அவன்கிட்ட ஆட்டம் இல்லைன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு.

இப்ப நான் கலந்து தான் நிப்பாட்டுறது. ரெண்டாவது ஸ்டாப்பர மொதல் ஸ்டாப்பரோட ஜோடியா, ரெண்டாவது லெஃப்ட் பேக்க மொதல் லெஃப்ட் விங்கு பின்னால. அடுத்த நாள் மாத்தி. மொதல் டீம் பசங்களுக்கு புடிக்காது, மொனகுவாய்ங்க. மொனகட்டும்.

கீழக்கரை_சபராளி
கோச் காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். துபாய்ல இருந்து படிச்சேன், அந்த கத்தார் போன லெஃப்ட் பேக் மாதிரி இங்க நாங்க ஒரு டஜன் பேரு இருக்கோம் 😄 இங்க வெள்ளிக்கிழமை காலைல ஆடுறோம், ஷிஃப்ட் மாறுனா பாதி டீம் காணாமப் போயிரும். நீங்க சொன்ன அதே கூத்து தான்.

நியூஜெர்சி_தொண்டிக்காரன்
கோச் சொன்னதப் படிச்சதும் எனக்கு இங்க அமெரிக்காவுல கையில புடிச்சு ஓடுற புட்பால் தான் ஞாபகம் வந்துச்சு. என்எஃப்எல்ல 53 பேர் ஸ்குவாடு, அது போக பிராக்டிஸ் ஸ்குவாடுன்னு தனியா ஒரு கூட்டம். இங்கயும் ரெண்டாவது வரிசைல இருக்கவங்களுக்கு வாரம் பூரா வேலை என்னன்னா அடுத்த எதிராளி மாதிரி நடிச்சுக் காட்டுறது தான், அதுக்கு ஸ்கவுட் டீம்னே பேரு. ரெண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆளுக்கு, மொதல் டீமோட சேந்து பழகக் கெடைக்கிற வாய்ப்பு ரொம்பக் கம்மி. திடீர்னு ஒரு ஞாயித்துக்கெழம உள்ள போடான்னு சொல்லுவாங்க.

அப்படியும் சாதிச்சவங்க இருக்காங்க. 2017 சீசன்ல பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு கார்சன் வென்ட்ஸ்னு ஸ்டார் குவார்ட்டர்பேக், டிசம்பர்ல முட்டி போச்சு. நிக் ஃபோல்ஸ் வந்தாரு. மொதல்ல தடுமாறுனாரு, அப்புறம் கோச் பெடர்சன் வென்ட்ஸோட ஆட்டத்த ஃபோல்ஸ் மேல திணிக்காம அவருக்குத் தோதா பிளேய மாத்திக் குடுத்தாரு. சூப்பர் பவுல் ஃபைனல்ல நியூ இங்கிலாந்த 41-33ன்னு அடிச்சாங்க, ஃபோல்ஸ் தான் மேன் ஆஃப் த மேட்ச்.

எதிர்க் கதையும் இருக்கு. 2022 சீசன்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு மொதல் குவார்ட்டர்பேக் செப்டம்பர்ல அவுட்டு, ரெண்டாவது ஆளு டிசம்பர்ல அவுட்டு, மூணாவதா வந்த பிராக் பர்டி அந்த வருச டிராஃப்ட்ல, அதாவது டீமுக புதுப் பசங்கள வரிசையா எடுக்குறதுல, கடைசி ஆளா எடுத்த பய, 262வது. அவன் ஜெயிச்சு ஜெயிச்சு செமி ஃபைனல் மாதிரியான மேட்ச் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டான். அங்க ஆரம்பத்துலயே அவனுக்கு முழங்கை போச்சு, நாலாவது ஆளு வந்தான், அவனுக்குத் தலைல அடி. எறியத் தெரிஞ்ச ஆளே மிச்சம் இல்ல. எறிய முடியாத கையோட பர்டியவே திரும்ப நிப்பாட்டுனாங்க, 31-7 தோல்வி. அடுத்த சீசன்ல அவசரத்துக்கு மூணாவது குவார்ட்டர்பேக்க வச்சுக்கலாம்னு லீக்கே ரூல மாத்துச்சு.

ஏர்வாடி_எட்டாம்நம்பர்
நாலாவது ஆளு வரைக்கும் போய்ட்டானா, எங்க டீம்ல ரெண்டாவது ஆளுக்கே பூட் இல்ல, மொத ஆளோடத வாங்கித் தான் போடுவான்

நாட்டுப்படகு_9
கோச் சொன்னது சரிதாண்ணே ஆனா அப்டின்னா கப் மேட்ச்ல 11 பேரையும் மாத்தி ஆட விடுறாங்களே பெரிய கிளப்ல, அது பழக்கம் தானே?

பெரியபட்டணம்_கோச்
ஓட்டம் கெடைக்கும் தம்பி, அதுல சந்தேகமில்ல. ஆனா 11 பேரையும் மாத்துனா அது வேற டீமு. ஸ்டாப்பர் பக்கத்துல ஸ்டாப்பரும் புதுசு, முன்னால நிக்கிறவனும் புதுசு, எல்லாரும் அவனவன் தப்பிச்சாப் போதும்னு ஆடுவான். ஒன்பது பழைய ஆளு நடுவுல ரெண்டு புது ஆள வச்சுப் பாரு, அப்பத் தான் அவன் எம்புட்டுன்னு தெரியும். அதுவும் 4-0ல இருக்கும்போது 85வது நிமிசம் எறக்கி விட்டா கணக்குல சேராது. 1-0ல இருக்கும்போது 65வது நிமிசம் எறக்கணும், வயித்துல புளி கரைக்கும், கரைக்கட்டும். இப்பத் தான் அஞ்சு சப் இருக்கே. கொரோனா காலத்துல 2020ல தற்காலிகமா கொண்டு வந்தாங்க, 2022ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க.

கன்னர்_ராம்நாடு
இதுல இன்னொரு சிக்கல் கோச். நல்லா ஆடத் தெரிஞ்சவன் எதுக்கு பெஞ்ச்ல ஒக்காருவான்? சிட்டிய பாருங்க. கோல் பாமர் 2023ல செல்சீக்குப் போனாரு, ஹூலியன் ஆல்வரஸ் 2024ல அத்லெட்டிகோவுக்குப் போனாரு. அர்ஜென்டினாவுக்கு 2022 வேர்ல்ட் கப்ல மொத ரெண்டு மேட்ச்ல பெஞ்ச்ல இருந்து வந்து, மூணாவது மேட்ச்ல இருந்து லாத்தாரோ எடத்தையே எடுத்துக்கிட்ட ஆளு அவரு, எத்தன நாள் ஹாலண்டுக்குப் பின்னால நிப்பாரு?

அடுத்து ரோட்ரி. 2024 செப்டம்பர்ல எங்க மேட்ச்ல தான் அவருக்கு முட்டி போச்சு, அந்த வருசம் பாலன் டி ஓர் வாங்குனவரு. அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு டிசம்பர் கடைசி வரைக்கும் 13 மேட்ச்ல சிட்டிக்கு ஒரே ஒரு ஜெயம். பேக்கப் இல்லாம இல்ல, அதுக்குன்னே 2022ல லீட்ஸ்ல இருந்து கால்வின் பிலிப்ஸ 4 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து வாங்குனாங்க. ஆட விடவே இல்ல. லோன்ல வெஸ்ட் ஹாம், அப்புறம் இப்ஸ்விச். ரோட்ரி விழுந்தப்ப பிலிப்ஸ் வேற ஊர்ல ஆடிட்டு இருக்காரு.

மண்டபம்_மாப்ள
பிலிப்ஸ் வெயிட் போட்டு வந்தாருன்னு சிட்டி கோச் பெப்பே மைக்ல சொன்னாரே. எல்லாத்துக்கும் கோச்ச மட்டும் கொற சொல்லாத

கன்னர்_ராம்நாடு
சொன்னாரு. வேர்ல்ட் கப் முடிஞ்சு வந்த பையன ஊர் முன்னால அப்டிச் சொன்னா அவன் மனசு என்னாகும்னும் யோசிக்கணும்ல மாப்ள. அந்தப் பையனே அது தன்ன ரொம்பப் பாதிச்சுச்சுன்னு பின்னால சொன்னான்.

பாம்பன்_ஸ்டாப்பர்
ஒக்காருறவனுக்கு ஒரு மனசு வேணும், கோச்சுக்கு ஒரு வாய் வேணும். லிவர்பூல் ஓரிகிய பாரு. 2019 பார்சிலோனா ரெண்டாவது லெக், 3-0 பின்தங்கி இருக்காங்க, சாலாவும் இல்ல ஃபிர்மினோவும் இல்ல. ஓரிகி ரெண்டு, ஹாஃப் டைம்ல சப்பா வந்த வைனால்டம் ரெண்டு, 4-0. ஃபைனல்லயும் ஓரிகி வந்து ஒண்ணு. யுனைட்டட் ஆளு ஏர்வாடிக்காக இன்னொன்னு, சோல்ஷியார் 1999. ஃபாரஸ்ட் மேட்ச்ல சப்பா வந்து நாலு கோல், அப்புறம் கேம்ப் நூ ஃபைனல்ல ஷெரிங்கமும் சப்பு, அவரும் சப்பு, ரெண்டு பேரும் ஸ்டாப்பேஜ் டைம்ல கோல். சோல்ஷியார் பெஞ்ச்ல ஒக்காந்து எதிர் டீம் டிஃபெண்டர் எங்க தடுமாறுறான்னு பாத்துக்கிட்டே இருப்பாராம். நம்ம பயலுக பெஞ்ச்ல ஒக்காந்து ரீல்ஸ் பாக்குறாய்ங்க.

ஏர்வாடி_எட்டாம்நம்பர்
அண்ணே ❤️ இந்த ஒரு பதிவுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்

கீழக்கரை_சபராளி
நம்ம இந்தியன் சூப்பர் லீக், ஐஎஸ்எல்ல இது எப்டின்னு யாராச்சும் சொல்லுங்க. சென்னையின் 2015லயும் 2017-18லயும் கப் அடிச்சது ஒரு காலம். இப்பல்லாம் வெளிநாட்டு ஃபார்வேர்டுக்குக் காயம்னா கதை முடிஞ்சுச்சு.

பாம்பன்_ஸ்டாப்பர்
அங்க சிக்கல் வேற மாதிரி காக்கா. வெளிநாட்டு ஆளு ஆறு பேர வச்சுக்கலாம், கிரவுண்டுல ஒரே நேரத்துல நாலு பேர் தான். அந்த நாலு சீட்டையும் எல்லா கிளப்பும் எதுக்குச் செலவழிக்குதுன்னா ஸ்டாப்பர், நடு, நம்பர் 10, கோல் அடிக்கிற நம்பர் 9. முதுகெலும்பு பூரா வெளிநாடு. இந்தியப் பையன் விங்குலயும் பேக்லயும் வளர்றான், நம்பர் 9 எடத்துல எவனுக்கும் நிமிசமே கெடைக்கல. அதான் நேஷனல் டீம்ல சேத்ரிக்கு அப்புறம் யாருன்னு கேட்டா அந்த மனுசன் 2024ல ரிட்டயர் ஆகி 2025ல திரும்பி வர வேண்டியதாப் போச்சு. இத விட பேக்கப் இல்லாத கொடும எங்க இருக்கு?

கொஞ்சம் நல்லதும் நடக்குது. 2022ல இருந்து ரிலையன்ஸ் டெவலப்மென்ட் லீக்ல கிளப்போட ரிசர்வ் பசங்க ஆடுறாங்க. கொல்கத்தா லீக்ல ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரெண்டும் இளசுகள எறக்குது. ஸ்பெயின்ல இன்னும் ஒரு படி மேல, பார்சிலோனாவோட பி டீமும் மாட்ரிட்டோட காஸ்டியாவும் கீழ் டிவிஷன்ல வளந்த ஆம்பளைங்க டீமோட மோதுது. முட்டியில முட்டி இடிச்சு ஆடுனாத் தான் பக்குவம் வரும். லிவர்பூலுக்கு வந்த ரீஸ் வில்லியம்ஸ் கூட அதுக்கு முந்துன வருசம் கிடர்மின்ஸ்டர்னு ஆறாவது டிவிஷன் டீம்ல லோன்ல ஆடுனவன் தான்.

நாட்டுப்படகு_9
எங்களுக்கு ரிசர்வ் லீக்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் தான், எல்லாப் பயலும் கரைல. மத்த நாள்ல பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்துனாத் தான் பிராக்டிஸுக்கு முழு ஸ்குவாடு வரும். ஆனா காத்துல பந்து தூக்கிட்டுப் போயிரும்.

தங்கச்சிமடம்_கோலி
இம்புட்டுப் பேசுனீகளே, ஒருத்தராச்சும் ரெண்டாவது கோலியப் பத்தி வாயத் தொறந்தீகளா? லுனின் பேர ஒரு வரில சொல்லிட்டு போயாச்சு. நான் ரெண்டாவது கோலியாவே பாதிக் காலம் ஒக்காந்தவன், அதனால சொல்றேன். மத்த எடம்னா 70வது நிமிசம் பத்து நிமிசம் ஆடிப் பழகலாம். கோலிய எவன் மாத்துவான்? மொதல் ஆளு விழுந்தாத் தான் நமக்கு வாழ்வு, அவன் நம்ம கூட்டாளி, விழணும்னு நெனைக்கவும் முடியாது.

1990 வேர்ல்ட் கப்ல அர்ஜென்டினா கோலி பும்பிதோ ரெண்டாவது மேட்ச்ல கால் முறிஞ்சு போனாரு. கொய்கோச்சியா வந்தாரு. யூகோஸ்லாவியா கூட பெனால்டி, இத்தாலி கூட பெனால்டி, ரெண்டுலயும் தடுத்து ஃபைனல் வரைக்கும் கொண்டு போயிட்டாரு. 2014ல நெதர்லாந்து கோச் வான் கால் செஞ்சது அதுக்கும் மேல. கோஸ்டா ரிகா மேட்ச், 120வது நிமிசம் முடியப் போகுது, நல்லா இருக்குற சில்லெசன வெளிய எடுத்துட்டு டிம் க்ரூல எறக்குறாரு. க்ரூலுக்கு அது முன்னாடியே தெரியும், சில்லெசனுக்குத் தெரியாது. ரெண்டு பெனால்டிய தடுத்தாரு. சரியான பக்கம் தாவுறதுக்கு அவரு உக்காந்து படிச்சுட்டு வந்திருக்காரு. அடுத்த மேட்ச்ல அர்ஜென்டினா கூட மூணு சப்பும் தீந்து போச்சு, சில்லெசனே நின்னாரு, தோத்தாங்க.

லுனின் மேட்ச்சும் அப்டித் தான், 2024 ஏப்ரல் 17, சிட்டி கிரவுண்டு. பெர்னார்டோ சில்வா நடுவுல மெதுவாத் தட்டுறாரு, லுனின் அசையவே இல்ல, நெஞ்சுல வாங்குறாரு. அடுத்து கோவாசிச், அதுக்கு தாவித் தட்டிட்டாரு. ஆனா ஃபைனலுக்கு கோர்ட்வா திரும்பி வந்து நின்னாரு. அதுதான் ரெண்டாவது கோலி பொழப்பு.

மண்டபம்_மாப்ள
சரி கோலி அண்ணே இது ஞாயந்தான். எங்க டீம்ல ரெண்டாவது கோலி ஒரு பிளஸ் டூ பையன், கை சுத்தம், பெனால்டி நல்லாப் புடிக்கிறான், ஆனா மேட்ச்ல கார்னர் வந்தா ஒறஞ்சு போறான். என்ன பண்றது?

தங்கச்சிமடம்_கோலி
கத்துறானா?

மண்டபம்_மாப்ள
வாயே தொறக்க மாட்டான். ஸ்டாப்பர் ரெண்டு பேரும் அவனுக்கு அண்ணன் வயசு, எப்டி அதட்டுவான்.

தங்கச்சிமடம்_கோலி
அதான் சங்கதி. அவன தனியா ஷூட்டிங் மட்டும் வாங்க வைப்பீக, எல்லா டீம்லயும் ரெண்டாவது கோலிக்கு அதான் வேலை. இனி பிராக்டிஸ் முடிஞ்சதும் ஸ்டாப்பர் ரெண்டு பேரையும் வீட்டுக்கு விடாத, ரெண்டு பக்கத்துல இருந்தும் கார்னர் தூக்கச் சொல்லு, பையன் கோல்ல நிக்கட்டும். வர்ற பந்துக்கெல்லாம் "என்னுது"ன்னோ "அடி"ன்னோ அவன் கத்தியே ஆகணும். கத்தலைன்னா அந்தக் கார்னர் கணக்குல சேராது, திரும்பத் தூக்கணும். ஸ்டாப்பர் அண்ணனுகளுக்கு வீட்டுக்குப் போற அவசரம் இருக்கும்ல, அவய்ங்களே "கத்துடா டேய்"ன்னு சொல்லிக் குடுப்பாய்ங்க. அப்புறம் ஒரு தடவ பிராக்டிஸ் மேட்ச்ல மொதக் கோலிய எதிர் பக்கம் நிப்பாட்டி, பையன அந்த ரெண்டு அண்ணனுகளுக்குப் பின்னால நிப்பாட்டு. கோச் சொன்ன அதே கலப்பு தான், கோலிக்கும் பொருந்தும்.

மண்டபம்_மாப்ள
செய்றேண்ணே. கிளவுஸ் வேற கிழிஞ்சு கெடக்கு, துபாய் காக்கா யாராச்சும் ஊருக்கு வந்தா ஒரு ஜோடி எட்டாம் நம்பர் 🙏

கீழக்கரை_சபராளி
அடுத்த மாசம் மச்சான் வர்றான், குடுத்து விடுறேன். இன்பாக்ஸ்ல வா.

பெரியபட்டணம்_கோச்
பாம்பன் தம்பி, அந்த லுனின் மேட்ச் முழுசா இருந்தா லிங்க் போடு. பெனால்டி மட்டும் வெட்டிப் போடாத, 120 நிமிசமும் வேணும். பசங்களுக்குப் போட்டுக் காட்டணும்.